வெள்ளை உடுப்பில் பதினான்கு பேர்

அத்தியாயம் 17

செவ்வாய்க்கிழமை காலை விஜிதாவுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அம்மா அழகம்மா கட்டச்சம்பலை இன்னொரு கரண்டி வைத்துப் பார்த்தாள். அப்போதும் இறங்கவில்லை.

"வெறும் வயித்தோட போனா மயங்கித்தான் விழுவ. அப்புறம் மொதலாளி என்னா சொல்வாரு?"

"பச்சை சாரியில ஒரு பொண்ணு விழுந்து கெடக்குதுன்னு இங்கிலீஷ்ல சொல்வாரு."

அழகம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் சிரித்தாள். பயத்திலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும்.

போன வாரம் அந்த வீட்டில் நடந்த வாக்குவாதத்தைப் படித்தவர்களுக்கு விஷயம் தெரியும். தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பலாபத்வலையைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது பதுர்தீன் முதலாளியின் வாசனைத் தோட்டம். ஏலம், கறுவாப்பட்டை, மிளகு என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற இடம். அங்கே வரவேற்பு மேசையில் விஜிதாவுக்கு மூன்று நாள் சோதனை வேலை. ஞாயிறு முடிந்தது, திங்கள் முடிந்தது. இன்றைக்கு மாலை முதலாளி வாயைத் திறந்து 'இரு' என்று சொல்ல வேண்டும். 'போ' என்று சொன்னால், வியாழக்கிழமை சித்தியோடு கட்டுநாயக்கா பஸ். அங்கே கார்மென்ட் ஃபேக்டரியில் இடம் பேசி வைத்தாகிவிட்டது.

கட்டுநாயக்கா ஒன்றும் நரகமில்லை. சித்தி பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறாள், இரண்டு சுற்றுப் பெருத்தும் இருக்கிறாள். ஆனால் விஜிதாவுக்கு இந்த மேசைதான் வேண்டும். வோக்கி-டோக்கியைக் கையில் பிடித்து இங்கிலீஷ் பேசுகிற இந்த வேலைதான் வேண்டும். இருபத்திமூன்று வயதில் அவள் இத்தனை ஆசைப்பட்டது வேறெதற்கும் இல்லை.

வீட்டில் இன்னொரு விஷயமும் புகைந்துகொண்டிருக்கிறது. அண்ணன் இந்திரகுமார், சுற்றுலா வேன் ஓட்டுபவன், மூன்று மாதத்துக்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் நிஷாந்தி என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண் பலாபத்வலையில் தலகுலிக் கடையில் வேலை செய்கிறவள். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டுகிற அந்தத் தலகுலிக்குப் பலாபத்வலையில் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிற ஆட்கள் உண்டு. கல்யாணம் நடந்த செய்தியை அப்பா செல்லச்சாமி தேத்தண்ணிக் கடையில் வேறு யாரோ சொல்லித்தான் கேட்டார். அன்றிலிருந்து மகன் பேரை அவர் வாயால் சொல்வதில்லை, மகன் அழைத்தால் ஃபோனை எடுப்பதில்லை.

செல்லச்சாமியும் அதே வாசனைத் தோட்டத்தில்தான் வேலை. நாலாம் குடிலில் விருந்தினர்களுக்கு மூலிகை எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் பொறுப்பு.

அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பலாபத்வலை வந்ததும் செல்லச்சாமி கழுத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். தலகுலிக் கடை இடப்பக்கம். வலப்பக்கம் பார்க்க ஒரு மதில்தான் இருந்தது, அதிலும் போன தேர்தல் போஸ்டர் பாதி உரிந்து கிடந்தது. மூன்று மாதமாகத் தினமும் இரண்டு தடவை அந்த மதிலைப் பார்த்து வருகிறார் மனிதர்.

கடை வாசலில் நின்ற நிஷாந்தி பஸ்ஸைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினாள். விஜிதா அப்பாவுக்குத் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்னா அங்க பார்வை?" என்றார் செல்லச்சாமி மதிலைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்லப்பா."

*

பதுர்தீன் முதலாளியின் தோட்டத்தில் இரண்டு சட்டங்கள். முதலாவது, விருந்தினர் காதில் விழும்படி தமிழோ சிங்களமோ பேசக்கூடாது. நமக்குள் பேசினாலும் இங்கிலீஷ்தான். இரண்டாவது, ஒருவரை அடையாளம் சொல்லும்போது அவர் உடம்பைச் சொல்லக்கூடாது. குண்டு, ஒல்லி, மொட்டை, கிழவர் எதுவும் வாயில் வரக்கூடாது. உடுப்பை மட்டும் சொல்ல வேண்டும்.

சட்டம் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரைக் காட்டி, "அந்த மொட்டையனை ரெண்டாம் குடிலுக்கு அனுப்பு" என்று சுற்றிக் காட்டுகிற ஒரு கைட் சிங்களத்தில் கத்தினான். அந்த மனிதர் பேராதனையில் ஒன்பது வருஷம் இருந்தவராம். தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டி, "மொட்டையன் ரெடி" என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். முதலாளி அன்றைக்கு வெட்கத்தில் பகல் சோறு சாப்பிடவில்லை.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டம் பெரிய கஷ்டம். அங்கே ஆளுக்கொரு பட்டப்பேர், எல்லாம் உடம்பை வைத்துத்தான். உடுப்பை வைத்து யார் யாரை அடையாளம் சொன்னார்கள்?

வேனிலிருந்து இறங்குகிற கூட்டம் ஒரு நொடியில் சிதறிப்போகும். ஒருவர் பூவைப் படம் எடுக்கப் போவார், ஒருவர் பாத்ரூமைத் தேடுவார். யார் எந்தக் கைட்டுக்கு, யார் எந்தக் குடிலுக்கு, யார் கண்ணாடியை மேசையில் மறந்துவிட்டுப் போனார் என்பதையெல்லாம் வரவேற்பு மேசையில் இருப்பவள்தான் வோக்கியில் சொல்ல வேண்டும்.

முதல் நாளே விஜிதா சறுக்கினாள். "த லேடி வித் த ரெட் ட்ரெஸ்" என்றுவிட்டாள். விருந்தினர் நகர்ந்ததும் கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

"சிவப்பு உடுப்பக் கையில தூக்கிக்கிட்டா நிக்கிறாங்க அந்த அம்மா? உடுத்தித்தானே ஈக்கிறாங்க?"

அன்று மாலை உக்குவளை பஸ்ஸில் சிநேகிதி ஜெஸ்லாவைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸ்லா மாத்தளையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். இருவரும் ஒரே டிப்ளோமா வகுப்பு. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் குசுகுசுவென்று இங்கிலீஷில் வர்ணிப்பது அவர்களுடைய பழைய விளையாட்டு.

"நீ இப்பிடி வச்சிக்க புள்ள," என்றாள் ஜெஸ்லா. "உடுப்புக்குள்ள ஆள் ஈக்குது. அப்ப இன். இன் அ சாரி, இன் வைட், இன் யூனிஃபோம். ஆளோட கூட வாறது எல்லாத்துக்கும் வித். வித் அ குடை, வித் அ பேக், வித் பூ."

"கண்ணாடி?"

"வித் கிளாசஸ். போட்டுக்கிட்டு ஈக்கிறதா அழுத்திச் செல்லணும்னா கடைசில ஓ-என், ஒன் போடு. வித் ஹிஸ் கிளாசஸ் ஒன்."

"பொட்டு?"

ஜெஸ்லா யோசித்தாள். "வித் அ பொட்டு ஒன் ஹர் ஃபோர்ஹெட். ஒண்ணுக்கு ரெண்டு போட்டுக்க, பயமில்ல."

தமிழில் இந்தத் தொல்லை ஏது? சாரி கட்டுவோம், சட்டை போடுவோம், பூ வைப்போம், மோதிரம் மாட்டுவோம். கட்டினவள், போட்டவன், வச்சவள் என்றால் விஷயம் முடிந்தது. இவர்களுக்கு மட்டும் ஆள் உடுப்புக்குள்ளே இருக்கிறாளா, உடுப்பு ஆளோடு வருகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன் சீட்டில் கட்டம் போட்ட சாரம் கட்டி இருந்த பெரியவரைக் காட்டி விஜிதா முணுமுணுத்தாள். "த ஜென்ட்ல்மன் இன் அ செக் சாரம் வித் அன் அம்பிரெல்லா."

பெரியவர் திரும்பினார். "தேங்க் யூ," என்றார்.

இருவரும் இறங்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திங்கட்கிழமை விஜிதா ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

*

செவ்வாய் காலை அவளுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. 'த கப்பிள் இன் மெச்சிங் டீ ஷேர்ட்ஸ்' என்றாள், 'த பாய் இன் ஷோர்ட்ஸ் வித் அ கெமரா' என்றாள். ஒவ்வொன்றுக்கும் வோக்கியில் பதில் வந்தது. கண்ணாடி அறையில் முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது போல இருந்தாலும், காது இந்தப் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஜெர்மன் பேசுகிற கைட் அக்ரம் கடந்து போகும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

பதினொரு மணிக்கு அண்ணனின் வேன் வந்தது.

கதவு திறந்தது, வெள்ளை உடுப்பில் ஒரு பெண் இறங்கினாள். பின்னால் வெள்ளை உடுப்பில் இன்னொரு பெண். பிறகு வெள்ளை உடுப்பில் ஓர் ஆண். இப்படியே பதினான்கு பேர். காலையில் கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போய்விட்டு நேரே வருகிற கூட்டம். அங்கே வெள்ளை உடுத்திப் போவதுதான் மரியாதை என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாய் வாங்கிய ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை.

விஜிதா கையிலிருந்த வோக்கியைத் தாழ்த்தினாள். இன் வைட் என்றால் எல்லாரும்தான்!

சமாளித்தாள். "குரூப் இன் வைட், ஓல் ஃபோர் அக்ரம்" என்று மொத்தமாகக் கட்டி அனுப்பினாள். அக்ரம் அவர்களை நிறுத்தி, யாருக்காவது எதுவும் ஒத்துக்கொள்ளாதா, அலர்ஜி ஏதும் உண்டா என்று கேட்டான். எல்லாரும் இல்லையென்று தலையாட்டினார்கள். அந்த நேரம் இரண்டு மூன்று பேர் பாத்ரூமில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

இந்திரகுமார் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அப்பா?"

"நாலாம் குடில்ல. போய்ப் பாரேன் அண்ணே."

"பார்த்தா மொகத்தத் திருப்புவாரு. வேணாம். நான் நிஷாந்திகிட்ட போய் டீ குடிச்சிட்டு வாறேன். ஒரு மணித்தியாலம் ஆகும்தானே?" கிளம்பப் போனவன் நின்றான். "இன்னைக்கு முடிவுன்னியே. நல்லா பேசுறியா?"

"பேசுறேன்."

"எனக்குத் தெரியும்டி," என்றான். அவன் கண் கலங்கியது போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வேனில் ஏறிப் போய்விட்டான்.

*

அரை மணி நேரம் கழித்து மேசை ஃபோன் அடித்தது.

"விஜி! அந்தக் கூட்டம் எங்க?" இந்திரகுமாருக்கு மூச்சு வாங்கியது.

"அக்ரம் அண்ணன் சுத்திக் காட்டி முடிச்சாச்சு. பாதிப்பேர் கடையில, பாதிப்பேர் எண்ணெய்க்குப் போயிட்டாங்க. ஏன்?"

"எண்ணெய்க்கா? ஐயோ! கேளு. வாற வழியில எல்லாருக்கும் தலகுலி வாங்கிக் குடுத்தேன். ஒரு அம்மா மட்டும் வாங்கல. எள்ளு பட்டாலே ஒடம்பு வீங்கிரும், மூச்சு அடைச்சிரும்னு சொன்னாங்க. தொடையில குத்திக்கிற ஊசிகூட பேக்ல வச்சிருக்காங்க. நான் சரின்னு அத நானே தின்னுட்டேன். இப்ப இவகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். இவ ஒடனே கேக்குறா, மாமா தேய்க்கிற எண்ணெய் நல்லெண்ணெய்தானேன்னு."

அப்பாவின் செம்பு நிற எண்ணெயில் முப்பத்திரண்டு மூலிகை என்று போத்தலில் எழுதியிருக்கும். ஆனால் அத்தனையும் காய்ச்சி இறக்குவது நல்லெண்ணெயில்தான். எள்ளு எண்ணெய்!

"அப்பாவோட ஃபோனு?" என்றான் இந்திரகுமார்.

"வேலை நேரத்துல எல்லாரோட ஃபோனும் பெட்டியில. இருந்தாலும் ஒன் ஃபோன அவரு எடுக்கவா போறாரு? ஆள் யாருன்னு சொல்லுண்ணே, சீக்கிரம்!"

"வெள்ளை உடுப்பு..."

"எல்லாரும் வெள்ளை உடுப்புதான்!"

"தொப்பி போட்டிருந்தாங்க."

"எட்டுத் தொப்பி இருக்கு அண்ணே!"

பின்னால் நிஷாந்தியின் குரல் கேட்டது. "சால்வை! நீலச் சால்வை, கழுத்துல. நாந்தானே தட்ட நீட்டுனேன், எனக்கு நல்லா ஞாபகம்."

"நீலச் சால்வையாம் விஜி. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

மூன்று கிலோமீட்டர். அந்த ரோட்டில் லொறிகளுக்கு நடுவே எப்படியும் ஆறேழு நிமிஷம் பிடிக்கும். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஒருவர் தோளில் வைக்க ஆறேழு வினாடி போதும்.

விஜிதா வோக்கியை எடுத்தாள். பதற்றத்திலும் ஜெஸ்லா சொன்னது வரிசையாக வந்தது. ஆள் வெள்ளைக்குள்ளே, சால்வை ஆளோடு.

"ஹட் ஃபோர், ஹட் ஃபோர். த லேடி இன் வைட் வித் அ ப்ளூ ஸ்காஃப். நோ ஒயில். ஐ ரிப்பீட், நோ ஒயில் ஃபோர் ஹர்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அப்பாவின் குரல். இங்கிலீஷ் அவருக்குப் பிடிமானம் குறைவு, ஆனால் சட்டத்தை மீற மாட்டார்.

"ப்ளூ ஸ்காஃப் நோ. ஹியர் சிக்ஸ் மேடம், ஓல் வைட். ப்ளூ நோ. ஓகே?"

"ஓகே," என்றாள் விஜிதா. அப்பாடா என்று இருந்தது. அந்த அம்மா எண்ணெய்க்குப் போகவே இல்லை.

அப்பாவோ விருந்தினர் கண்ணை மூடி உட்காருகிற நேரம் வந்ததால், வழக்கம்போல வோக்கியின் சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்துவிட்டார். குடிலில் அமைதி வேண்டும் என்பது முதலாளி சொன்னதுதான்.

விஜிதா எட்டிப் பார்த்தாள். கடையில் சவர்க்காரக் கட்டியை முகர்ந்துகொண்டு நீலச் சால்வையோடு ஒருத்தி நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக நின்று, எள்ளு அலர்ஜி உங்களுக்குத்தானே என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள். எனக்கில்லை, அது என் சிநேகிதிக்கு என்றாள். வெயிலாக இருக்கிறது என்று சால்வையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள், அழகாக இருக்கிறது இல்லையா?

கூட வருவது என்று நம்பிச் சொன்ன சால்வை, கைமாறி இங்கே வந்து நிற்கிறது.

"வெயார் இஸ் யுவர் ஃப்ரெண்ட்?"

அந்தப் பெண் நாலாம் குடில் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

வோக்கியை அழுத்தினாள். "ஹட் ஃபோர்! ஹட் ஃபோர்!" பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். இரைச்சல்கூட இல்லை. அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

கேட்டாலும்தான் எதைச் சொல்வது? எண்ணெய்க்கு உட்காருமுன் தொப்பியைக் கழற்றுவார்கள், கண்ணாடியைக் கழற்றுவார்கள், செருப்பை வாசலில் விடுவார்கள், மோதிரம், மாலை எல்லாம் ஒரு தட்டில் போவது வழக்கம். ஆறு பேர், ஆறு வெள்ளை உடுப்பு. இன் தவிர வேறொன்றும் மிச்சமில்லை.

"வாட் இஸ் ஹர் நேம்?"

"மார்கிட்."

விஜிதா வோக்கியை மேசையில் வீசினாள். பச்சைச் சாரியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தாள். ஏலக்காய்ப் பாத்திக்குக் குறுக்கே ஓடினாள். பாத்தியில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று பலகை இருந்தது. அதையும் தாண்டினாள். ஒரு செருப்பு எங்கேயோ போனது.

குடில் கண்ணுக்குத் தெரிந்ததும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"அப்பா! கைய வைக்காதீங்க! அப்பாவ்! கைய எடுங்க!"

லயத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரல் அது. விருந்தினர் நிறைந்த தோட்டத்தில், முதலாளியின் கண்ணாடி அறைக்கு முன்னால், சுத்தத் தமிழில். கறுவா உரிக்கிறவர்கள் கத்தியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"மார்கிட்! மார்கிட்!"

குடிலுக்குள் ஆறு பெண்கள் கண்ணைத் திறந்தார்கள். செல்லச்சாமி இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயோடு அப்படியே நின்றார். முதல் பெண்ணுக்குத் தேய்த்து முடித்து, இரண்டாவது பெண்ணின் கழுத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் அவர் கை இருந்தது.

அந்த இரண்டாவது பெண்தான் கையை உயர்த்தினாள். "யெஸ்? ஐ எம் மார்கிட்."

"எள்ளு! எண்ணெய்..." விஜிதாவுக்கு இங்கிலீஷ் முழுக்க மறந்துபோயிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். "செசமி. த ஒயில் இஸ் செசமி."

மார்கிட் தோளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பெஞ்சில் பின்னுக்கு நகர்ந்து எழுந்தாள். பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குடிலுக்கு வெளியே போய் நின்று அழுதாள், உடனே சிரித்தாள். பிறகு விஜிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

*

"சத்தம் போட்டது யாரு?"

பதுர்தீன் முதலாளி வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார், அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் சேர்," என்றாள் விஜிதா. ஒரு காலில் செருப்பில்லை, சாரி ஓரத்தில் முழுக்க மண். கட்டுநாயக்கா பஸ் கண்முன்னே ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. "தமிழ்ல கத்திட்டேன். பாத்தியிலயும் காலை வச்சிட்டேன்."

முதலாளி அவளைப் பார்த்தார். மார்கிட்டைப் பார்த்தார். அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தார். செல்லச்சாமியின் கையில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயையும் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இந்தத் தோட்டத்த நடத்துறேன் மகள்," என்றார் மெதுவாக, தமிழிலேயே. "உடுப்பச் செல்லு, உடுப்பச் செல்லுன்னு நான்தான் படிச்சுக் குடுத்தேன். வாறவங்கட பேரக் கேட்டு வச்சிக்கங்கன்னு ஒருநாளும் எவனுக்கும் நான் செல்லல்ல." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு. யூனிஃபோம் சாரிக்கு அளவு குடுத்துட்டுப் போ."

விஜிதாவுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிடைத்துவிட்டது! வேலை கிடைத்துவிட்டது! இங்கேயே, இந்த மேசையிலேயே! ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவர் எண்ணெய்க் கைகளை இரண்டு பக்கமும் அகலமாக விரித்துக்கொண்டு நின்றார்.

"சாரி கெட்டுப்போவும்டி, தள்ளி நில்லு." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பொம்பளைக்கு ஒண்ணு ஆயிருந்தா என் கையில ஆயிருக்கும். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டம், எட்டு வருஷம் இங்க. இந்தக் கையால யாருக்கும் ஒரு கெடுதி வந்ததில்ல. ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

விஜிதா தயங்கினாள். இன்றைக்கு எல்லாச் சட்டமும் உடைந்தாயிற்று. இதையும் உடைத்துவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணன் ஃபோன் பண்ணிச்சு."

அவர் முகம் திரும்பவில்லை. அதுவே பெரிய காரியம்.

"அண்ணனுக்கும் தெரியலப்பா. எள்ளு ஆகாதுன்னு கேட்டதும் நல்லெண்ணெய்ய நெனச்சது அது இல்ல. மாமா தேய்க்கிறது நல்லெண்ணெய்தானேன்னு கேட்டது வேற ஆளு."

அந்த 'மாமா' என்ற சொல்லை மட்டும் செல்லச்சாமியின் உதடு ஓசையில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததை விஜிதா கண்டாள்.

வாசலில் வேன் வந்து நின்றது, டயர் கிறீச்சென்றது. இந்திரகுமார் கதவைக்கூட மூடாமல் இறங்கி ஓடிவந்தான். மார்கிட் நல்லபடி நிற்பதைக் கண்டதும் அப்படியே தரையில் குந்திவிட்டான். அப்பாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

செல்லச்சாமி மகனைப் பார்க்கவில்லை. அவர் பார்வை வேனில் இருந்தது. முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடை ஏப்ரனை அவிழ்க்கவும் மறந்து ஏறி வந்தவள். இறங்கலாமா, கூடாதா என்று தெரியாமல் கதவுப் பிடியில் கையை வைத்தபடி இருந்தாள். பலாபத்வலையில் அந்த மதிலையே பார்த்து வந்த மனிதருக்கு அந்த முகம் இன்றைக்குத்தான் நேருக்கு நேர்.

"விஜி," என்றார். "அது யாரு?"

மூன்று நாளாக எத்தனையோ பேரை உடுப்பை வைத்து அடையாளம் சொன்னவள் வேனைப் பார்த்தாள். ஏப்ரன் கண்ணில் பட்டது, நெற்றியில் வியர்வை கண்ணில் பட்டது. எதையும் சொல்லத் தோன்றவில்லை.

"உங்க மருமக, அப்பா. பேரு நிஷாந்தி."

"பேரு தெரியும்," என்றார் செல்லச்சாமி.

எண்ணெய் சொட்டுகிற கைகளைத் துடைக்காமலே, குந்தியிருந்த மகனைக் கடந்து, வேனை நோக்கி நடக்கத் தொடங்கினார். கதவுப் பிடியில் இருந்த நிஷாந்தியின் கை அப்படியே நின்றது.